மூடி திறக்கும் வரை

தண்ணீர் கொதிக்கிற வழியாக இல்லை. கட்டுமாவடிக் கடற்காற்று பம்ப் செட் கொட்டகைக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகிற போக்கில் அடுப்புத் தீயையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போனது. பெனிட்டா காலித் தீவனச் சாக்கை மடித்து அடுப்புக்கு மறைப்பாக நிறுத்திவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லதுதான், மெதுவாகவே கொதிக்கட்டும். கொதித்தால் இறாலைப் போட வேண்டும். வெந்தால் கிண்ணத்தில் போட்டு மூட வேண்டும். மூடினால் திறக்க வேண்டும். திறந்தால் மோந்து பார்க்க வேண்டும். மோந்து பார்க்க மூக்கு வேண்டும். அங்கேதான் இடித்தது. போன வாரத்துக்கு முந்தின வாரக் காய்ச்சல் விட்டுப் போகும்போது அவளுடைய மூக்கையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. மூக்கு முகத்தில்தான் இருந்தது, கண்ணாடியில் பார்த்தால் பழைய மூக்குத்தியோடு அழகாகவே இருந்தது, வேலைக்குத்தான் வரவில்லை. இதை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. தூத்துக்குடியில் இறாலை உறையவைத்துக் கப்பலேற்றுகிற அவளுடைய கம்பெனியில் எவரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? தர ஆய்வாளர் என்று அடையாள அட்டையில் போட்டிருந்தாலும் அவளுடைய வேலை என்னவோ மோந்து பார்ப்பதுதான். பண்ணைக் குளத்தில் இறால் பிடிப்பதற்கு முன்னால் யாராவது ஒருவர் போய், நாலு இறாலை உப்பில்லாமல் வேகவைத்து, மோந்து, மென்று, மண்வாடை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். இல்லை என்றால் வலை இறங்கும். இருக்கிறது என்றால் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். அந்த ஒருவர் இரண்டு பேர், அவளும் ரோஸ்லினும். ரோஸ்லின் தம்பி கல்யாணத்துக்கு மணப்பாடு போய்விட்டாள். போன வாரம் முழுக்க ரோஸ்லின் பின்னாலேயே ஒளிந்துகொண்டு, குளிர்கிடங்கில் தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு காலத்தை ஓட்டியாயிற்று. இன்றைக்கு ஒளிவதற்கு ஆள் இல்லை.

வெளியே கரையில் வடுகநாதன் நடந்துகொண்டிருந்தார். பண்ணைக்குச் சொந்தக்காரர். கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போவது, திரும்புவது, திரும்பும்போது கொட்டகையை ஒரு பார்வை பார்ப்பது. அவருக்குப் பின்னால் உடைமர நிழலில் வலைக்காரர்கள் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஐஸ் லாரி மணமேல்குடி தாண்டிவிட்டதாகப் போன் வந்திருந்தது. இரண்டு பண்ணை தள்ளி ஒரு குளத்தில் வெள்ளைப்புள்ளி நோய் விழுந்துவிட்டது, செத்த இறாலுக்குக் காக்கை கூட்டமாக இறங்குகிறது, ஒன்றைத் தூக்கிவந்து இங்கே போட்டால் இந்தக் குளமும் போயிற்று என்று காலையில் அவள் வேனை விட்டு இறங்கும்போதே சொன்னார். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம் மேடம், இன்னிக்குப் பிடிச்சு லாரியில ஏத்திட்டா நான் தூங்கிருவேன்." பாவம் மனுஷன். குளத்துக்குக் காற்றூட்டுகிற ஏரேட்டர்கள் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன, சடசடசட என்று, ஒன்று மட்டும் தாளம் தப்பி. மூக்கு போன இந்த நாட்களில் காது கூர்மையாகியிருந்தது, அது ஒரு லாபம். இட்லி வெறும் சூடாக இருந்தது, சாம்பார் வெறும் ஈரமாக இருந்தது, ஆனால் தாளிக்கும்போது கடுகு வெடிக்கிற சத்தத்தில் அவளுக்கு ஒரு ருசி வந்திருந்தது. வேனில் வரும்போது கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்றை முழுங்கினாள். உப்பளம், கருவாட்டுக் களம், மறுபடியும் உப்பளம், எல்லாம் ஊமைப்படமாக ஓடின. ஆனாலும் பிடித்திருந்தது. இந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது, அதைச் சொன்னால்தான் ஒருத்தரும் நம்புவதில்லை. விடிந்ததும் விடியாததுமாக வேன் ஏறுவது, நாளைக்கு ஒரு ஊர், ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு குணம், இளநீர் வெட்டித் தருகிற மனிதர்கள். அம்மாவிடம் கல்யாணத் தரகர், பொண்ணு என்ன வேலை பார்க்குது என்று கேட்டால், அம்மா குவாலிட்டி என்று மட்டும் சொல்லிவிட்டுக் காப்பி போட உள்ளே போய்விடுவாள். அப்புறம் இவளிடம் வந்து, "நாலு வருஷம் காலேசுக்கு அனுப்புனேனே, மோந்து பாக்கவாட்டீ? நம்ம வீட்டுப் பூனை படிக்காமலே பாக்குதே." பூனைக்குச் சம்பளம் கிடையாதும்மா என்று இவள் சொல்லுவாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். இனிமேல் பூனைதான் இவளைவிட உசத்தி.

போன் அடித்தது. தெரியாத நம்பர். கம்பெனியோ என்று தயங்கித்தான் எடுத்தாள். இல்லை, ஒரு சின்னக் குரல். "அக்கா, நான் தர்ஷினிக்கா, நம்ம மீன்வளக் காலேஜ் ஃபைனல் இயர். படிச்சு முடிச்ச சீனியருங்க எல்லாம் இப்ப என்ன பண்றீங்கன்னு ஒரு சர்வே எடுக்கிறோம்க்கா. ரெண்டு கேள்விதான். படிச்ச படிப்புக்கும் பாக்குற வேலைக்கும் சம்பந்தம் இருக்காக்கா? முழுசாவா, கொஞ்சமாவா, இல்லவே இல்லையா?" முழுசா என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு மூக்கு ஞாபகம் வந்தது. "முழுசான்னு போட்டுக்கோ. இப்போதைக்கு." "ரெண்டாவது, காலேஜ்ல கத்துக்கிட்ட எந்தத் திறமை வேலையில ரொம்ப உதவுதுக்கா? நீச்சல், படகு ஓட்டுறது, வலை பின்னுறது, கம்ப்யூட்டர், பேச்சுத் திறமை, மற்றவை." பெனிட்டா பாத்திரத்தைப் பார்த்தாள். அடியில் சின்னச் சின்னக் குமிழி. "மத்தியானம் கூப்பிடுதியா? அடுப்புல வேலையா இருக்கேன்." "சரிக்கா." வைக்காமல் அந்தப் பெண் ஒரு மூச்சு விட்டாள். "அக்கா, இது சர்வேல இல்லை, நானாக் கேக்கிறேன். வேலை கிடைக்கும்லக்கா?" "கிடைக்கும்ட்டீ," என்றாள் பெனிட்டா, அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல்.

எந்தத் திறமை. நீச்சலில் அவள் முதல். முடிச்சுப் போடுவதில் பதினெட்டு வகை முடிச்சு போட்டுக் காட்டிக் கைதட்டு வாங்கினாள், அதில் ஒன்றைக்கூட இன்றுவரை போட்டதில்லை, செருப்பில்கூட கட்டுகிற நாடா கிடையாது. கூடப் படித்தவர்களில் அருள்ஜோதி பாங்கில் விவசாயக் கடன் பார்க்கிறான், மாட்டுக்குக் காது வில்லை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன், மீனைத் தட்டில்தான் பார்க்கிறேன் என்பான். மீரான் கொளத்தூரில் வண்ணமீன் கடை போட்டு, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்த் தொட்டி கழுவிக் கொடுக்கிறான், கார் வாங்கிவிட்டான். இன்னும் இரண்டு பேர் சர்க்கார் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே இருக்கிறார்கள், பரீட்சையும் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. ஒருத்தி நார்வேக்குப் போய் விதவிதமாகப் பனிப் படம் போடுகிறாள். எல்லாருக்கும் எல்லாரையும் பார்த்துக் கொஞ்சம் பொறாமை, எல்லாருக்கும் அவரவர் இடத்தில் கொஞ்சம் சந்தோஷம். கல்லூரி வாட்ஸாப் குழுவில் யாராவது யாரையாவது கேலி செய்யாத நாளே கிடையாது. இவளை மட்டும் 'மோப்பம்' என்று கூப்பிடுவார்கள். மூக்கு போனது தெரிந்தால் பெயரை மாற்றுவார்களா? மூக்கு போனவர்களைக் கம்பெனி என்ன செய்யும்? வீட்டுக்கு அனுப்பாது, அவ்வளவு மோசமில்லை. பாக்கிங் பக்கம் போடுவார்கள். குல்லா போட்டுக்கொண்டு, அட்டைப்பெட்டிக்கு மேல் நாடா ஒட்டுகிறார்களா என்று பார்க்கலாம். வேன் கிடையாது, உப்பளம் கிடையாது, இளநீர் கிடையாது. ஜன்னல் இல்லாத அறை. சும்மா இரு, தண்ணீர் கொதிக்கிறது பார்.

கொதித்துவிட்டது. இரண்டு பாத்திரம். ஒன்றில் வடுகநாதன் குளத்து இறால், சற்று முன்னால் வீச்சுவலையில் வந்தது, போட்டதும் சுருண்டு சிவந்தது. இன்னொன்றில் அவள் ஐஸ்பெட்டியில் கொண்டுவந்த கம்பெனி இறால், வாடை இல்லை என்று முன்பே பரிசோதித்து வைத்திருப்பது, ஒப்பிட்டுப் பார்க்க. ஆவி முகத்தில் அடித்தது. சூடு. சூடு மட்டும். குனிந்து இழுத்தாள், இன்னும் சூடு. இல்லை, இப்போது இறால் வாசம் வந்த மாதிரி இருந்தது, இனிப்பாக, இளசாக. வந்ததா? அதுதான் வம்பு. முந்தாநாள் காலையில் அம்மா காப்பியைக் கொண்டுவந்து வைத்தபோது காப்பி வாசம் வந்தது, வந்துவிட்டது என்று துள்ளிக் குதித்தாள். கண்ணை மூடிக்கொண்டு டம்ளரைப் பிடித்தால் ஒன்றும் இல்லை. கண்ணைத் திறந்தால் வாசம், மூடினால் இல்லை. மனசு பழைய வாசத்தை எடுத்துச் சூடுபண்ணிக் கொடுக்கிறது, வீட்டில் ஒன்றும் இல்லாதபோது விருந்தாளிக்கு நேற்றைய குழம்பைக் கொடுப்பதுபோல. அப்படியானால் இப்போது இந்த இறாலில் வந்தது எது? இன்றைக்கு வந்ததா, போன மாதத்ததா? மனசு நினைத்தால் நல்ல வாசத்தையும் கொடுக்கும், மண்வாடையையும் கொடுக்கும். கரையில் வடுகநாதன் நடப்பதைப் பார்த்தால் நல்ல வாசம்தான் வரும், அவ்வளவு பாவமாக நடக்கிறார். நல்லது என்று சொல்லி, சரக்கு தூத்துக்குடி போய், அங்கே மண்ணடித்தால் அதை மொத்தமாக ஒதுக்கிப் போடுவார்கள், அவருக்கும் கஷ்டம், அவளுக்கும் பாக்கிங். வம்பு எதற்கு, வாடை இருக்கிறது என்று சொல்லிவிட்டால்? குளத்தில் இன்னும் ஒரு வாரம் இறாலை வைத்துக்கொண்டு, அந்தக் காக்கைகளைப் பார்த்தபடி அவர் தூங்காமல் கிடக்க வேண்டும், ஒன்றுமில்லாததற்கு. இல்லாத மூக்கை வைத்துக்கொண்டு எதைச் சொன்னாலும் பொய். எனக்கு மூக்கு வேலை செய்யவில்லை அண்ணே, நாளைக்கு வேறு ஆள் வரும் என்று சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும். ஐஸ் லாரி வருகிறது. வலைக்காரர்கள் இருக்கிறார்கள். சொல்லத்தான் வேண்டும். சொல்லுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, ஒழுங்காக.

செல்வி மேடத்தின் முகம் எதற்கோ ஞாபகம் வந்தது. அவளைவிட மூன்றே வயது பெரிய ஆசிரியை, பாடம் நடத்தும்போது சாக்பீஸைப் பார்த்தே பேசுவார். ஒருநாள் செய்முறை வகுப்பில் மூன்று தட்டு வைத்து, இதில் ஒன்று கெட்டுப்போன மீன், கண்டுபிடித்து எழுதுங்கள் என்றார். வகுப்பே மோந்து மோந்து எழுதியது. பெனிட்டா இரண்டாவது தட்டில் அமோனியா அடிக்கிறது என்று அரைப் பக்கம் எழுதினாள். அருள்ஜோதி மூன்றாவது தட்டைப் பார்த்துக் குமட்டவே செய்தான். மூன்றும் ஒரே மீன். காலையில் வாங்கியது, அத்தனையும் நல்ல மீன். மேடம் சாக்பீஸிடம் சொல்வதுபோல மெதுவாக, கண்டுபிடிங்கன்னு சொன்னா எல்லாருக்கும் நாத்தம் வந்துரும், அதான் கண்ணை மூடிக்கணும், எது எங்க இருக்குன்னு நமக்கே தெரியக்கூடாது என்றார். அன்றைக்கு மத்தியானம் கேன்டீனில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பெனிட்டா எழுந்து கொட்டகை வாசலுக்கு வந்தாள். வடுகநாதனின் மனைவி செண்பகவல்லி வேலியோரம் நின்று கோழிக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒரே மாதிரி மூடி போட்ட கிண்ணம் மூணு கிடைக்குமா?"

"இருக்கு தங்கச்சி, சீர்ல வந்தது. அப்படியேதான் கெடக்கு, எடுத்தாரேன்."

பளபளவென்று மூன்று எவர்சில்வர் கிண்ணம் வந்தது. பெனிட்டா விளக்கினாள். இரண்டு கிண்ணத்தில் கம்பெனி இறால், ஒன்றில் உங்கள் இறால். எதில் எது என்று உங்களுக்கு மட்டும் தெரிய வேண்டும், எனக்குத் தெரியக்கூடாது. நான் சுவரைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவேன், ஒவ்வொன்றாக மூக்குக்கிட்டே கொண்டுவந்து மூடியைத் திறக்க வேண்டும். நான் என்ன சொன்னாலும் சரியா தப்பா என்று நீங்கள் சொல்லக்கூடாது. செண்பகவல்லிக்கு முகமெல்லாம் விளையாட்டு வந்துவிட்டது. "கண்ணாமூச்சியா? இம்புட்டு நாளா இப்படி யாரும் வந்து பாத்ததில்லையே." சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். கிண்ணங்கள் சிமெண்டுத் தரையில் உரசுகிற சத்தம் கேட்டது, இடம் மாற்றுகிறார், மறுபடியும் மாற்றுகிறார், வேண்டுமென்றே அதிகமாக மாற்றுகிறார். பெனிட்டா கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் வராவிட்டால் என்ன அர்த்தம்? மூக்கு இல்லை என்றும் அர்த்தம், குளம் சுத்தம் என்றும் அர்த்தம், ஆக ஒரு அர்த்தமும் இல்லை, அப்புறம் வெளியே போய் வடுகநாதனிடம் சொல்ல வேண்டியதுதான். முதல் வாக்கியத்தை மனசுக்குள் தயார் செய்தாள். அண்ணே, தப்பா நினைக்காதீங்க.

மூடி திறந்தது. சூடு. இழுத்தாள், ஒன்றும் இல்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது, ஏரேட்டர்போல, தாளம் தப்பி. இரண்டாவது மூடி. சூடு, ஈரம், ஒன்றும் இல்லை. அண்ணே, தப்பா நினைக்காதீங்க, எனக்குக் காய்ச்சல் வந்து. மூன்றாவது மூடி. சூடு, ஈரம், அப்புறம் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்து மைதானம், செப்டம்பர், புழுதி, வானம் இருண்டுபோய் முதல் நாலு சொட்டு பொத்துப் பொத்தென்று விழுகிறது, பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள், சிஸ்டர் உள்ளே வாங்க உள்ளே வாங்க என்று மணியடிக்கிறார். இது எங்கிருந்து வந்தது? நான் பள்ளிக்கூடத்தை நினைக்கவே இல்லையே. மனசே, ஏமாற்றாதே. "இதுலதான் வாடை அடிக்குதுக்கா. மாத்தி வைங்க." தரையில் உரசல். முதல் கிண்ணத்திலேயே வந்துவிட்டது, அதே புழுதி, அதே நாலு சொட்டு. மற்ற இரண்டிலும் இல்லை. "மொதக் கிண்ணம்தான். இன்னொரு வாட்டிக்கா. நல்லாக் குழப்பிருங்க." இந்தத் தடவை உரசல் வெகுநேரம் கேட்டது. முதலாவது இல்லை. இரண்டாவது மூடி திறந்ததும், திறந்ததும்கூட இல்லை, திறக்கும்போதே, மழை. முதல் மழை விழுந்த மண். ஊரே வாசலில் வந்து நின்று மூக்கை விரித்துக்கொள்கிற வாசம், அதே வாசம் இறாலுக்குள் ஏறிவிட்டால் மட்டும் உலகத்தில் ஒருத்தருக்கும் பிடிக்காது, சின்னப் பாசி செய்கிற வேலை. "இதுதான்க்கா" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது கிண்ணத்தை வாங்கி அவளே முகத்தோடு சேர்த்துப் பிடித்தாள். மழை இல்லை. அடியில், மெல்லிசாக, வெந்த இறாலின் இனிப்பு, இன்றைக்கு வந்த இனிப்பு. அதற்குப் பின்னால் வரிசையாக மற்றதெல்லாம் வந்தது, டீசல், தீவனச் சாக்கு, செண்பகவல்லி தலையில் நேற்றைய மல்லிகை, வெளியிலிருந்து பீடி. பீடி நாற்றம் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, வாய் அதன்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. காது வரைக்கும் சிரித்தாள். அப்படியே எழுந்து கொட்டகை வாசலுக்கு ஓடிவந்தாள்.

கரையில் பாதி வழியில் வடுகநாதன் நின்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்தார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி உடைமரத்தைப் பார்த்துக் கத்தினார்.

"டேய்! வலையை எறக்குங்கடா!"

"அண்ணே! அண்ணே, வேணாம், நில்லுங்க!" அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், அது அடங்கவில்லை. "எறக்க வேணாம்ணே. மண்ணு அடிக்குது."

வலைக்காரர்கள் எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். வடுகநாதன் தூக்கிய கையை இறக்கவில்லை.

"மண்ணு அடிக்குதா?"

"ஆமாண்ணே. நல்லாவே அடிக்குது."

"அதுக்கா இந்தச் சிரிப்பு சிரிச்சீங்க?"

அவள் தயார் செய்த வாக்கியம் வேறு ஒன்றுக்கு. அதையே சொன்னாள். "தப்பா நினைக்காதீங்கண்ணே. காய்ச்சல் வந்து எனக்கு மூக்கே போயிருந்துச்சு. இன்னிக்கு உங்ககிட்ட அதைச் சொல்லிட்டுத் திரும்பிப் போயிரணும்னுதான் இருந்தேன். உங்க இறாலை மோந்ததும்தான் திரும்பி வந்துச்சு." சொல்லி முடித்ததும் இதைவிட மடத்தனமாக ஒரு ஆய்வாளர் பேச முடியாது என்று தோன்றியது. காய்ச்சல் மூக்கு சொன்னதை எந்த மனிதன் நம்புவான்? வடுகநாதன் வாயைத் திறந்தார். ஆனால் பின்னாலிருந்து செண்பகவல்லி முந்திக்கொண்டார். "கத்தாதீக. நாந்தான் மாத்தி மாத்தி வச்சேன், நானே ஒரு நிமிசம் குழம்பிட்டேன். மூணு வாட்டியும் நம்ம எறாலைத் தொட்டுக் காட்டுன மாதிரி சொல்லுச்சு, கண்ணை மூடிக்கிட்டு." வடுகநாதன் கொட்டகைக்குள் வந்தார். கம்பெனி இறாலை ஒன்று மென்றார். தன் இறாலை ஒன்று மென்றார். மறுபடியும் மென்றார். முகம் மெல்ல மாறியது, பல் டாக்டரிடம் உட்கார்ந்தவர் முகம். "ஆமா," என்றார். "இருக்கு. தெனம் இதுலயே கெடக்கேன், எனக்குத் தெரியலையே." தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், கடல் தண்ணீராக ஏற்றுங்கள், பாசி குறையட்டும், ஒரு வாரம் பத்து நாளில் வாடை போய்விடும் என்று பெனிட்டா சொல்லச் சொல்ல விரல்விட்டு எண்ணிக்கொண்டார். காக்கைக்கு என்ன செய்வது என்று அவர் கேட்டார். குளத்துக்கு மேலே நூல் கட்டியிருக்கிறார், இன்னும் நெருக்கமாகக் கட்டச் சொன்னாள். கட்டும்போது தானே எழுந்து போய் நாலு முடிச்சுப் போட்டுக் காட்டினாள். வலைக்காரர் ஒருவர் அந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார்.

போன் அடித்தபோது அவள் இலையில் உட்கார்ந்திருந்தாள். செண்பகவல்லி மீன்குழம்பை ஊற்றினார், புளியும் வெந்தயமும் தேங்காயும் தனித்தனியாக வந்து முகத்தில் மோதின. இடது கையால் போனை எடுத்தாள். "அக்கா, தர்ஷினிக்கா. எந்தத் திறமைன்னு போடட்டும்?" "கண்ணை மூடிக்கிட்டு மோந்து பாக்கிறது." மறுமுனையில் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "அப்படி ஒண்ணு இதுல இல்லையேக்கா." "மற்றவைன்னு ஒண்ணு இருக்குல்லா, அதுல போடு. கொட்டை எழுத்துல போடு. செல்வி மேடத்துக்கிட்ட காட்டு." வைத்துவிட்டு மீன் துண்டைப் பிட்டாள். எதிரே வடுகநாதன் சாப்பிடாமல் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ் லாரியைப் பக்கத்துப் பண்ணைக்குத் திருப்பிவிட்டாயிற்று, வலைக்காரர்கள் போய்விட்டார்கள். அவரைப் பார்த்தால் வருத்தமாக இருந்தது, குழம்பைப் பார்த்தால் சந்தோஷமாக இருந்தது, இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன, ஒன்றை ஒன்று தள்ளவில்லை.

"பத்து நாள் கழிச்சு நீங்கதானே வருவீங்க?" என்று திடீரென்று கேட்டார்.

"நான்தாண்ணே வருவேன். நானேதான்."

அவர் சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் எடுத்து வைத்தார். காலையிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தில் ஏதோ இளகியது.

"வரும்போது கொஞ்சம் சளி பிடிச்சுக்கிட்டு வாங்க மேடம்," என்றார்.